தொட்டிலில் கிடந்த தவிடு

அக்டோபர் 7, செவ்வாய்

நீயே சொல்லு மாரியாத்தா, கல்லறை கட்டியாச்சு, பேரும் வெட்டியாச்சு, அந்தப் பொண்ணு மட்டும் எப்படி உசுரோட அரண்மனையில நடமாடும்?

பயந்துவிடாதே தாயே, எல்லாம் எழில்மொழி கம்ப்யூட்டரில் ஆடுகிற கேமில்தான். என் தம்பி மகள். சென்னை வேலையை விட்டுவிட்டு, கேம் கதைகளைப் பிரித்துச் சொல்லி யூடியூபில் வீடியோ போடப்போகிறாளாம். குத்தாலத்தில் அவள் அம்மா ஆனந்தவல்லி வாசலோடு அனுப்பிவிட்டாள். போனில் என்னிடம், "அவ எனக்குப் பொண்ணே இல்ல அண்ணி, நீங்களே வச்சுக்குங்க" என்றாள். வைத்துக்கொண்டேன். பெற்றவள் பேசுகிற பேச்சா? பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறது. சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 8

விளக்கேற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேமில் ஒரு இளவரசி. கோட்டைக்கு வெளியே அவள் பேரிலேயே கல்லறை. ராணி, "நான் பெத்தது" என்கிறாள். ஆற்றங்கரைப் படகுக்காரி, "இது என் பொண்ணு" என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் நிஜமாம்! கடைசியில் அரண்மனைக் கதவு அந்தப் பெண்ணுக்குத் திறக்கவே மாட்டேன் என்கிறது. உலகம் பூராவும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

"ரெட்டைப் பிள்ளைங்கிறாங்க. செத்து மறுபடி பொறந்தவங்கிறாங்க. நீ என்ன அத்தை சொல்ற?"

"தவிட்டுக்கு வாங்கின பிள்ளைடி அது."

முழித்தாள். முன்னால் பிறந்தது தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை வேறொருத்தி மடியில் போட்டுவிடுவோம். அப்புறம் அவளுக்குத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவோம். எமன் வந்தால், 'இது அடுத்தவ பிள்ளை' என்று ஏய்த்துவிடலாம். கல்லறையும் அதுக்குத்தான். "உன்னையே என் மடியிலதான்டி போட்டாங்க. உனக்கு முன்னாடி ரெண்டு தங்கல."

"கேம் செஞ்சவன் எங்கேயோ பனியில கிடக்கான். அவனுக்குத் தவிடு தெரியுமா?"

"பிள்ளையைப் பறிகொடுக்கிற பயம் பனியில இருக்காதா?"

அப்போதுதான் சொன்னாள் — ராணியின் தொட்டிலில் ஒரு பை தவிடு கிடக்கிறதாம். உதவாது என்று கேம் ஆடுகிற எல்லாரும் தூக்கி எறிகிறார்களாம்.

சொன்னேன்ல!

அக்டோபர் 10, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். "ராணி கொடுத்துட்டாள்னா தவிடு படகுக்காரிகிட்டல்ல இருக்கணும்? தொட்டில்ல ஏன் கிடக்கு?" என்று கேட்டுவிட்டாள். நியாயந்தானே. இன்று உனக்கு அர்ச்சனை நடக்கும்போதும் அதே நினைப்பு. கோவிச்சுக்காதே.

அக்டோபர் 11

கொடுக்கல! அவ்வளவுதான்! ராணி எடுத்து வைத்தாள், கொடுக்க மறந்தாள். அப்படியென்றால் பிள்ளை இன்னும் படகுக்காரிக்குச் சொந்தம். அரண்மனை எப்படிக் கதவைத் திறக்கும்?

"அந்தப் பையைக் கொண்டுபோயி படகுக்காரி கையில குடுடி" என்றேன். கொடுத்தாள். படகுக்காரி பிள்ளை தலையைத் தடவி, "போ, உன் ஆத்தா காத்திருப்பா" என்றாள். கதவு திறந்தது. எழில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். ராத்திரி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அக்டோபர் 14

வீடியோவில் என் குரலையும் சேர்த்துப் போட்டுவிட்டாள் கழுதை. ஆனந்தவல்லி பார்த்திருக்கிறாள். ரெண்டு தங்கல என்று நான் சொன்ன இடத்தில் அழுதுவிட்டாளாம்.

"காலையில வர்றேன் அண்ணி. என் பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போறேன். வீடியோவை எங்க வீட்டுல உக்காந்து போடட்டும்."

என் பொண்ணு என்றாள், கேட்டாயா தாயே?

எழில் துணியை மடித்து வைக்கிறாள், எடுக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். நான் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு, மாட்டுக்குத் தவிடு அள்ளக் கொல்லைக்குப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. எழிலை என் மடியில் போட்ட அன்றைக்கு ஆனந்தவல்லி, "பிள்ளை பசிக்கு அழுவுது, தவிட்டை அப்புறம் தர்றேன் அண்ணி" என்று இவளை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனாள்.

இன்றுவரை தரவில்லை.