எந்த லெச்சுமி?

அடியே லெச்சுமி,

சுளகில் குரக்கன் கிடக்கிறது. கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து வந்து பேனையை எடுத்துவிட்டேன். எல்லாம் சந்தோஷத்தால். இந்தத் தானியத்தைக் கையால் அளைந்தால் ஒரு தூசி எழும்புமே, மழை விழுந்த மண்ணும் பழைய சாக்கும் சேர்ந்த வாசம். அது மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாய். இனி உன்னோடு பேசாமல் என்னால் இருக்க முடியாது.

இன்று விடியற்காலை தோட்டத்தில் ஒரு சாவு சொன்னார்கள். செத்தது யார், எப்படிச் சொன்னார்கள் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். நீ என்னை எத்தனை தடவை காக்க வைத்திருக்கிறாய்! கதையின் முடிவு நாக்கு நுனியில் நிற்கும். "கூடை நெறஞ்சிருச்சு புள்ள, நிறுவையப் போட்டுட்டு வந்து சொல்றேன்" என்று மலையிறங்கிப் போய்விடுவாய். இன்று உன் முறை. காத்திரு.

நம் தேயிலைத் தோட்டத்தில் கல்லை எறிந்தால் ஒரு லெச்சுமி மேல்தான் விழும். வெள்ளிக்கிழமை பிறந்தால் லெச்சுமி, ஆடு குட்டி போட்ட அன்று பிறந்தால் லெச்சுமி, வேறு பேர் தோன்றாவிட்டாலும் லெச்சுமி. அதனால் ஆளுக்கொரு பட்டம் வேண்டியிருந்தது. அதை வைப்பது பெரட்டுக்களத்து ஆம்பளைகள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில் ஒருவன் ஒன்றைச் சொல்லி நாலு பேர் சிரித்துவிட்டால் முடிந்தது, அது சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். செத்த பிறகும் விடாது. சாவு சொல்கிற மருதை தப்பை அடித்துக்கொண்டு லயம் லயமாக, ஒரு வீட்டு வரிசை விடாமல் போய், பட்டத்தோடு சேர்த்துப் பேரைச் சொல்வான். அவன் வாயிலிருந்து வந்ததுதான் கடைசிப் பேர். கருமாதியிலும் அது, வருடப் படையலிலும் அது.

இந்த ஏற்பாட்டை நாம் இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. நான் கத்தினேன். நீ கதை சொன்னாய். கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைச் செடி மேல் கிடத்திவிட்டு, கை பாட்டுக்குக் கொழுந்தை ஒடிக்க, வாய் செத்துப்போன லெச்சுமிகளின் வாழ்க்கையைச் சொல்லும். "பேரு அவனுங்க வச்சது. கதைய நாம வைக்கலாம்ல?" என்பாய்.

நாற்காலி லெச்சுமியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிறை மாதம் அவளுக்கு. விடுப்புக் கேட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். நில், நில் என்று நிற்க வைத்தார்கள். இடுப்பு வலி எடுத்தது. உட்கார வேறு இடம் இல்லை, தொரையின் நாற்காலிதான் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டாள். தொரை வந்து பார்த்தால் அவருடைய நாற்காலியில் ஒரு கொழுந்துக்காரி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். "அன்னைக்கு ஒரு நாளு தொர நின்னாரு, லெச்சுமி ஒக்காந்திருந்தா" என்று நீ முடிக்கும்போது மலை முழுக்கச் சிரிக்கும். பிறந்த பிள்ளைக்குத் தொரைசாமி என்று பேர் வைத்தாளாமே! அதை மட்டும் நீ கட்டிச் சேர்த்தது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கப்பல் லெச்சுமி கப்பலையே பார்க்காதவள். இரண்டு நாட்டுப் பெரியவர்கள் நம்மைப் பங்கு பிரித்துக்கொண்டபோது அவள் இந்தியாவின் பங்கில் விழுந்தாள், கப்பலுக்குச் சீட்டும் வந்தது. மாத்தளை ஸ்டேசனில் சனம் கட்டிப்பிடித்து அழுத அந்த அழுகைக் கோச்சியில் அவளும் ஏறினாள். அடுத்த ஸ்டேசனில் மூட்டையோடு இறங்கி, தண்டவாளத்தைப் பிடித்து நடந்தே திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, "ஆட்டுக்குப் புல்லுப் போட மறந்துட்டேன்" என்றாளாம். அதன் பிறகு எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாமல், ஆட்டுக்காரியாகவே இருந்து செத்தாள். பெரட்டுக்களம் அவளைக் கேலி செய்தது. நீ அவளை அரசாங்கங்களை ஏமாற்றியவளாக ஆக்கினாய்.

ஊமை லெச்சுமி ஊமை இல்லை, குறைவாகப் பேசுகிறவள். கலவர வருடத்தில் லாரியில் ஆட்கள் வந்தபோது அவள் லயத்துப் பிள்ளைகளை ஏலக்காய் ஸ்டோருக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கினாள். லயத்துச் சனம் எங்கே என்று கேட்டார்கள். தலையைத் தூக்காமல், சுத்தமான சிங்களத்தில், எல்லாரும் நேற்றே போய்விட்டார்கள், வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நில்லுங்கள், காய் சரியாகத் தெரியவில்லை என்றாள். அவர்கள் தள்ளி நின்றார்கள், பிறகு போய்விட்டார்கள். அவள் செத்தபோது எப்படிச் சொன்னார்கள்? ஊமை லெச்சுமி தவறிட்டா என்றுதான். காப்பாற்றப்பட்ட பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனை பேருக்குக் கதை வைத்த நீ உன் கதையைச் சொன்னதே இல்லை. சரி, நான் இருக்கிறேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த பஞ்சம் அது. வேலை நாட்கள் குறைந்தன. கடையில் மாவு இல்லை, அரிசி இல்லை. கிழங்குத் தோலை அவித்துத் தின்றோம். உன் புருஷன் செத்து வருடம் திரும்பவில்லை. ஒரு நாள் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே என் காதில் சொன்னாய்: "ரிவர்ஸ்டன் மலையத் தாண்டி லக்கலப் பக்கம் போறேன். காட்ட எரிச்சுப் பயிர் போடுற சேனையில வேல இருக்காம். காசு வேணாம், குரக்கனாக் குடுங்கன்னு கேப்பேன். யாருட்டயும் மூச்சு விடாத. வெளி வேலைக்குப் போனது தெரிஞ்சா பேர வெட்டிருவாங்க, குடியிருக்கிற காம்பராவையும் புடுங்கிருவாங்க."

நான் மூச்சு விடவில்லை. நீ மலைக்கு அந்தப் பக்கம் யானைக்கும் பன்றிக்கும் கத்திக்கத்திக் காவல் இருந்தாய். அந்த வீட்டுச் சிங்களத்தி "நங்கி" என்று தங்கைபோல் கூப்பிட்டு உனக்கு முதலில் சோறு போடுவாள் என்று பின்னால் சொன்னாய். இங்கே பெரட்டுக்களத்தில் வேறு கதை ஓடியது. விதவை, சின்ன வயசு, ஆளைக் காணோம். எவனோடோ போய்விட்டாள்.

சேனை அறுப்பு முடிந்து நீ திரும்பினாய். தலையில் சாக்கு, தொண்டை கிழிந்து குரலே மாறிப்போயிருந்தது. அந்தக் கரகரப்பு கடைசிவரை போகவில்லை. குளிக்கக்கூட இல்லை நீ. திருகையில் அரைத்து, உன் நடு லயத்து முனையில் கல் கூட்டி, பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சினாய். நான் ஊற்றினேன். மேட்டு லயம், நடு லயம், பணிய லயம் என்று சட்டியோடு வந்தார்கள். பிள்ளைகள் சட்டியை நக்கிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

மறுநாள் காலை பெரட்டில் நீ வந்து நின்றதும் ஒருவன் குரல் கொடுத்தான்: "அடடே, ஓடுகாலி லெச்சுமி வந்துட்டா டோய்!"

களமே சிரித்தது. வயிற்றில் உன் கூழ் செரித்திருக்காது, வாயில் அந்தச் சிரிப்பு. நான் கூடையை வீசிவிட்டுப் பாய்ந்தேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். எங்கே போனாய் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் வேலை போகும். பேர் ஒட்டிக்கொண்டது. அன்று கத்தியவன் பின்னால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் ஆனான்.

நீ வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். ஒரே ஒரு தடவை, மழைக்குச் செடியோரம் ஒதுங்கி நின்றபோது, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "நான் செத்தா மருத அப்படியேதான் சொல்லுவான், இல்ல? எல்லா லயத்துலயும் சொல்லிட்டான்னா அப்புறம் சாமிக்கும் அதான் என் பேரு." நான் மனதுக்குள் கச்சை கட்டிவிட்டேன்.

நீ போன காலையில் உன் கண்ணை மூடிவிட்ட கையோடு மருதையிடம் ஓடினேன். அவன் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். தலைவரும் பக்கத்தில் நின்றார்.

"மருத, அந்தப் பட்டத்தச் சொன்னீன்னா தப்பு உன் கையில இருக்காது."

"யக்கா, எனக்கு மட்டும் ஆசையா? பட்டம் சொல்லலேன்னா எந்த லெச்சுமின்னு சனத்துக்கு எப்படித் தெரியும்? வேற தோட்டத்தாளுன்னு நெனச்சு வேலைக்குப் போயிருவாங்க. குழிக்கு யாரு வருவா?"

அவன் கேட்டது நியாயம். "குரக்கன் லெச்சுமின்னு சொல்லு" என்றேன்.

தலைவர் குறுக்கே வந்தார். "செத்தவளுக்குப் புதுப் பேரு வைக்கிற பழக்கம் நம்ம தோட்டத்துல இல்ல. அப்படி ஒரு பேர யாரு கேட்டது?"

"அவ கூழத் தின்ன வாயெல்லாம் கேக்கும். நீங்க தின்னீங்கல்ல?"

"நான் எங்க தின்னேன்?"

"ஒங்கம்மா சட்டியத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. நாந்தான் ஊத்துனேன். ரெண்டாந்தடவையும் வந்தாங்க."

அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மருதையிடம் சொன்னேன், "நீ வெறும் லெச்சுமின்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் சொல்றேன்."

"நீங்களா? பொம்பள சாவு சொல்லப் போறதா?" அவன் சிரித்துவிட்டான். "சரி வாங்க. என்னைய அடிச்சா நீங்கதான் மறிக்கணும்."

மேட்டு லயத்தில் அவன் தப்பை அடித்து, "லெச்சுமி தவறிட்டாங்கோவ்!" என்றான். கதவுகள் திறந்தன. "எந்த லெச்சுமி?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் எத்தனை காலமாகக் காத்திருந்தேன்! முன்னால் போய் நின்றேன்.

"பஞ்சத்துல மலையத் தாண்டி லக்கலைக்குப் போயி, யானைக்குக் காவல் இருந்து, தல மேல குரக்கன் கொண்டாந்தாளே, அந்த லெச்சுமி. ஏ ராமாயி, ஒன்னய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் ஒங்கம்மா கூழு வாங்குனா. அந்த லெச்சுமி."

நடு லயத்தில் வேறு ஆட்களைப் பிடித்தேன். யார் தின்றார்கள், யாருடைய அப்பன் தின்றான், எல்லாம் எனக்குத் தெரியும், ஊற்றியவள் நான்தானே. பணிய லயத்தில் ஒரு கிழவர் பீடியை எடுத்துவிட்டு, "யாரு, நம்ம ஓடுகா..." என்று தொடங்கினார். அவர் மகள் உள்ளேயிருந்தே கத்தினாள்: "வாய மூடுங்கப்பா! அந்தக் கூழுலதான நான் பொழச்சேன்னு நீங்கதான சொல்லுவீங்க!"

அதற்குள் மருதைக்கும் சூடு ஏறிவிட்டது. கடைசி முனையில் நான் மூச்சு வாங்கி நின்றபோது அவனே கத்தினான்: "நமக்கெல்லாம் குரக்கன் கொண்டாந்த லெச்சுமி தவறிட்டாங்கோவ்!"

சனம் வந்தது. மலைப்பாதை கொள்ளாமல் வந்தது. தலைவரும் வந்து ஓரமாக நின்றார். அன்றைக்கு அந்தச் சொல் எவன் வாயிலும் வரவில்லை. ஆனால் அது ஒரு நாள் கூத்தோ, கருமாதி முடிந்தால் பழையபடி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது. யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதற்கு இது சம்பளம் இல்லை.

நீ காத்திருந்தது போதும். இன்று காலை விஷயத்துக்கு வருகிறேன்.

வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிற காலம் இது. தோட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, சங்கங்கள்தான் பெருகியிருக்கின்றன. சங்கத்துக்குச் சங்கம் ஒரு தலைவர், அதனால் பழைய தலைவர்களும் கூடிவிட்டார்கள். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். மருதை முழங்கால் நோவோடு ஏறி வந்து நின்று கத்துகிறான்:

"குரக்கன் லெச்சுமி லயத்துப் பழைய தலைவரு தவறிட்டாருங்கோவ்!"

அடியே, கேட்டாயா? எந்தப் பழைய தலைவர் என்று தெரிவதற்கு உன் பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னை ஓடுகாலி என்று கத்தினவருக்கு, கடைசியாக, எல்லா லயத்திலும், உன் பேர்தான் விலாசம்!

நான் வெறுங்காலோடு ஓடினேன். "என்னடா சொன்ன, திருப்பிச் சொல்லு!"

அவன் முழித்தான். "ஏன்க்கா, நடு லயம்னு சொன்னா இப்ப யாருக்குத் தெரியும்? எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க?"

எல்லாரும்! அந்தப் பேருக்காகத் தலைவரோடு நான் மல்லுக்கு நின்றது அவனுக்கே மறந்துபோயிருக்கிறது. அவ்வளவு இயல்பாகிவிட்டது உன் பேர்.

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சுவரில் ஒட்டிய தேர்தல் நோட்டீசுகளைப் பார்த்து நானே கற்ற எழுத்து இது. அதனால்தான் ஒவ்வொன்றும் பெரிதாக, கத்துவது போல இருக்கிறது. இருக்கட்டும். நாற்காலியையும் கப்பலையும் ஊமையையும்கூட இந்த எழுத்திலேயே எழுதி வைக்கப் போகிறேன். எனக்குச் சண்டைக்காரச் செல்லம்மா என்று பட்டம். அதை மாற்ற வேண்டாம் என்று மருதையிடம் சொல்லிவிட்டேன்.

உன் சாக்கில் அன்று ஒட்டிக்கிடந்த மணிகளைத் தட்டி எடுத்து, லயத்துப் பின்பக்கத் துண்டு நிலத்தில் போட்டேன். ஒவ்வொரு வருடமும் விதைக்கு எடுத்து வைத்து மறுபடி போடுகிறேன். சுளகில் கிடப்பது அதன் வம்சம்தான்.

சாவு வீட்டுக்குப் புறப்பட வேண்டும். வாய்க்கரிசி போட முந்தானையில் அரிசி முடிந்திருக்கிறேன். இந்தக் குரக்கனிலும் ஒரு பிடி சேர்த்துக்கொள்வேன். யாராவது ஏன் என்று கேட்டால், அவர் இதைத் தின்றதே இல்லையாம், ஒரு தடவை தின்னட்டும் என்பேன்.

கல்லைப் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் போவேன், லெச்சுமி. உன் குரக்கனில் கல் கடிபட்டது என்று செத்தவன்கூடச் சொல்லக் கூடாது.