விடு, என்னுது

ஏப்ரல் 9

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது, பதினெட்டாவதாக. இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர் எங்கள் சீக்செரேடாவும் பக்கத்து ஊரும்; ருமேனியாவுக்குள்ளேயே ஹங்கேரியன் பேசும் ஊர்கள். ருமேனியாவின் தேசிய ஐஸ் ஹாக்கி அணி என்று சட்டையில் போட்டிருக்கும். உடை மாற்றும் அறையின் கதவைச் சாத்தினால் உள்ளே முழுக்க ஹங்கேரியப் பேச்சுதான். புக்கரெஸ்ட்காரர்கள் ஆறு பேரும் மூலையில் உட்கார்ந்து, நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கூடச் சிரிப்பார்கள்.

அம்மா என்னைப் பற்றிக் கேட்கவில்லை. சோளக்களியைக் கிண்டிக்கொண்டே, "அண்ணன் பேரு அந்தப் பக்கம் வந்துடுச்சா?" என்றாள்.

வந்துவிட்டது. எலோட் புடாபெஸ்டுக்குப் போய் ஐந்து வருடம். ஹங்கேரியப் பாஸ்போர்ட் வாங்கி, நான்கு வருடம் அங்கேயே ஆடி, சட்டையை மாற்றிக்கொள்ளும் தகுதி வந்துவிட்டது. இந்த உலகப் போட்டியில் அவர்களும் எங்கள் பிரிவில்.

என்னையும் கூப்பிட்டார்கள், பத்தொன்பது வயதில். தேர்வு ஆட்டத்தின்போது அங்கிருந்த பயிற்சியாளர் என்னைக் காட்டி "அந்த ருமேனியப் பையன்" என்றார். இங்கே புக்கரெஸ்டில் ஆடப் போனால், பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்து "நாடில்லாதவனுங்களா" என்று கத்துகிறார்கள். இரண்டு இடத்திலும் திட்டுதான் என்றால் சொந்தக் கட்டிலில் படுத்துத் திட்டு வாங்கலாம் என்று வந்துவிட்டேன். தேசபக்தி, இனப்பற்று, ஒன்றும் கிடையாது.

மூன்று உலகப் போட்டி. பதினைந்து ஆட்டம். மூன்று வெற்றி. ஏறுகிறோம், இறங்குகிறோம். இந்த முறை மட்டும் இறங்கக் கூடாது. கீழ்ப் பிரிவுக்குப் போனால் திரும்பி வர எத்தனை வருடமோ. அதற்குள் என் முழங்கால் போய்விடும்.

ஏப்ரல் 20, போலந்து

நான்கு ஆட்டத்தில் ஒரு வெற்றி. நாளை மறுநாள் ஹங்கேரி. அறுபது நிமிடம் சமமாக முடித்தாலே ஒரு புள்ளி கிடைக்கும். அது போதும், தப்பித்துவிடுவோம்.

அணி மேலாளர் திரகோமிர் எங்களை உட்கார வைத்தார். "நீங்க ஐஸ்ல கத்துறது ஒவ்வொண்ணும் அவங்களுக்குப் புரியும். அதனால அன்னைக்கு எல்லாரும் ருமேனியன்லதான் கத்தணும். ஒரு வார்த்தை மாறக் கூடாது."

சிலாமேர் கை தூக்கினான். தடுப்பாட்டத்தில் என் ஜோடி அவன், வாய் சும்மா இருக்காது. "சார், கெட்ட வார்த்தைக்கும் இதே சட்டமா?"

"அதெல்லாம் உங்க தாய்மொழியிலயே இருக்கட்டும். அதுல எங்களுக்குப் பங்கு வேண்டாம்."

எல்லோரும் சிரித்தோம். அந்த ஆள் சொன்னது சரி. பயிற்சியில் இரண்டு மணி நேரம் ருமேனிய மொழியிலேயே கத்தினோம். நன்றாகத்தான் போனது. எங்கள் ஆள் ஹங்கேரியனில் கத்தமாட்டான். ஹங்கேரியனில் யார் கத்தினாலும் எதிரி. இவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

ஏப்ரல் 22

2–2. ஐம்பது வினாடி பாக்கி.

ரப்பர் வட்டு எங்கள் கோலுக்குப் பின்னால் தளத்தின் ஓரப் பலகையில் பட்டு என்னிடம் வருகிறது. பக்கத்தில் யாருமில்லை. எடுத்து வெளியே அடித்தால் முடிந்தது.

இடது தோளுக்குப் பின்னாலிருந்து, ஹங்கேரியனில்: "விடு, என்னுது!"

விட்டேன்.

மட்டையைத் தூக்கி வழிவிட்டேன். வட்டு என் மட்டைக்குக் கீழே போனது. எலோட் எடுத்தான், கோல் கம்பத்தைச் சுற்றினான், கோல்.

3–2. இறங்கிவிட்டோம்.

முடிந்ததும் ஜெயித்தவர்களின் தேசிய கீதம். இரண்டு அணியும் வரிசையாக நின்று கேட்க வேண்டும், அதுதான் வழக்கம். எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு முழுசாகத் தெரியும். நான் என் ஸ்கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை குலுக்கும்போது அண்ணன் என் கையுறையைத் தொட்டான், முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 23

இணையம் முழுக்க எட்டு வினாடி வீடியோ. நான் மட்டையைத் தூக்குவதை மெதுவாக ஓட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி ஓட்டுகிறார்கள். 'நாட்டை அண்ணனுக்கு விற்றவன்.'

யார்கிட்ட போய்ச் சொல்றது? அண்ணன் கத்துனான், விட்டுட்டேன்னா? கேக்கிறவன் சிரிக்க மாட்டானா? எனக்கே சிரிப்பா வருது. இல்ல, வரல.

அப்பா ஆஸ்திரியாவுக்கு மரம் அறுக்கப் போவதற்கு முன்னால், ஒவ்வொரு குளிர்காலமும் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறையவிடுவார். நானும் அண்ணனும் மட்டும் ஆடுவோம். எனக்கு நான்கு வயது, அவனுக்கு எட்டு. "விடு, என்னுது." விடாவிட்டால் மட்டையால் கணுக்காலில் ஒன்று போடுவான். பத்து வருடம். மூளைக்குப் போகும் முன்னால் கைக்குப் போய்விடுகிறது அந்தக் குரல்.

ஏப்ரல் 25, வீடு

ஊரில் திட்டுவார்கள் என்று நினைத்து வந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பனித்தளத்துக்கு எதிரே இருக்கும் பீர்க் கடையில் நுழைந்ததும் கைதட்டினார்கள். நகரமன்ற உறுப்பினர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"சோம்போர் தம்பி! நம்ம ரத்தம்னு காட்டிட்டேய்யா! அவ்வளவு பேர் பாக்கறப்ப எவ்வளவு நைசா விட்ட!"

"நான் வேணும்னு விடல."

"ஆமா ஆமா, வெளிய அப்படித்தான் சொல்லணும்." கண்ணடிக்கிறார். "வாயைத் திறந்துடாத."

"சத்தியமா ஜெயிக்கணும்னுதான் ஆடினேன்."

"பாருங்கய்யா, என்ன அடக்கம்!"

மேஜைக்குப் பழச்சாராயம் வந்தது. இந்த ஆளின் மகன் லண்டனில் படிக்கிறான், வாழ்நாளில் ஸ்கேட் கட்டியதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பனித்தளத்துக்குக் கொடியோடு வந்து படம் எடுத்துக்கொள்வார். கூரை ஒழுகுவதைச் சொன்னால் தலைநகரம் பார்த்துக்கொள்ளும் என்பார். என் ஐம்பது வினாடியை எடுத்து அவர் இனப்பற்றுக்கு மாலையாகப் போட்டுக்கொள்கிறார்.

குடிக்காமல் எழுந்து வந்தேன். அதையும் அடக்கம் என்றிருப்பார்கள்.

ஏப்ரல் 30

திரகோமிர் எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினேன், கொல்லையில் ஆடியது உட்பட. படித்தால் பள்ளிக்கூடப் பையன் எழுதிய லீவு லெட்டர் மாதிரி இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நீ கத்துனேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுண்ணே. போதும்."

"எழுதினா எதிராளியை ஏமாத்திக் கோல் போட்டவன்னு என் பேரு போயிடும்டா. புதுக் கான்ட்ராக்ட் பேசிட்டு இருக்காங்க."

"அப்ப யாரைப் பாத்துக் கத்துன? உன் ஆளையா, என்னையா?"

அவன் பக்கத்தில் டிராம் போகும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஞாபகமில்ல."

"அண்ணே..."

"ஞாபகமில்லடா. அம்மா எப்படி இருக்கா?"

மே 18

பதில்: 'தங்கள் விளக்கத்தை நம்புவது கடினமாக உள்ளது.' கோடை முகாமுக்கு நான் வர வேண்டாம்.

மே 19

ஒன்றுமில்லை.

நவம்பர் 15

எங்கள் ஊர் கிளப் ஹங்கேரிய லீகில்தான் ஆடுகிறது. இன்று அண்ணனின் புடாபெஸ்ட் கிளப் இங்கே வந்தது. ஏப்ரலில் அவன் கோலைக் கொண்டாடிய கூட்டம் இன்று அவன் வட்டைத் தொடும்போதெல்லாம் விசிலடித்தது. உள்ளூர்ச் சட்டை போட்டிருந்தால் சிங்கம், இல்லாவிட்டால் நாய்.

இரண்டாம் பகுதி. 1–1. எங்கள் கோலுக்குப் பின்னால், அதே மாதிரி. அவன் வருவது தெரியும். கத்துவான் என்றும் தெரியும். எடு, எடு, எடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

"விடு, என்னுது!"

கை நின்றது.

அவன் எடுத்துக் கொடுத்தான், அவன் ஆள் கோல் போட்டான். 4–1ல் தோற்றோம். வெளியே வரும்போது மேலிருந்து யாரோ துப்பியது என் ஹெல்மெட்டில் விழுந்தது. "அண்ணனுக்கு ஊட்டி வளக்கிறானா!" என்று ஒரு குரல். பீர்க் கடையில் எனக்குக் கைதட்டியவர்களில் ஒருவனுடைய குரல் அது. நகரமன்ற உறுப்பினரை மட்டும் காணோம். தேர்தல் முடிந்துவிட்டது.

பஸ் ஏறும் இடத்தில் அண்ணன் நின்றிருந்தான். நான் பின்வாசல் வழியாகப் போனேன்.

நவம்பர் 16

திரகோமிர் போன் செய்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு.

"நேத்து ஆட்டத்தைப் பாத்தேன். நாலு தடவை போட்டுப் பாத்தேன்."

"சரி சார்."

"சொந்த ஊர்ல, சொந்தக் கிளப்புக்கு எதிரா ஒருத்தன் வேணும்னு விடமாட்டான். நீ எழுதினது நிஜம்தான். நான் நம்பாதது தப்பு. மன்னிச்சுக்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்ப முகாமுக்கு..."

"அதான் கஷ்டமே. விலைபோனவன்னா ஒருநாள் திருந்துவான்னு கூப்பிட்டிருப்பேன். உனக்கு இது கையில இருக்கு. அவங்களோட மறுபடி ஆட வேண்டி வரும். நீயே சொல்லு, என் இடத்துல இருந்தா உன்னைப் போடுவியா?"

போடமாட்டேன். வாய்விட்டே சொன்னேன்.

டிசம்பர் 3

காலை ஆறு மணி, காலிப் பனித்தளம். சிலாமேர் பின்னால் வந்து கத்துகிறான், நான் எடுக்க வேண்டும். நாற்பது முறையும் எடுத்துவிட்டேன். சிலாமேர் குரலுக்குக் கை நிற்கவே இல்லை.

"உன் வியாதிக்கு என் தொண்டை மருந்தில்லடா," என்றான்.

டிசம்பர் 9

அண்ணனுக்கு ஒரே வரி அனுப்பினேன்: 'அந்த வார்த்தையை மூணு தடவை கத்தி அனுப்பு. பயிற்சிக்கு.'

டிசம்பர் 14

அனுப்பியிருக்கிறான். பதினான்கு வினாடி. மூன்று முறை கத்துகிறான், தெருவில் எங்கேயோ நின்று. பிறகு மூச்சு வாங்குகிறான். பிறகு சின்னக் குரலில்: "அன்னைக்கு உன்னைப் பாத்துத்தான்டா கத்துனேன். நீ விடுவேன்னு தெரியும்."

பனித்தளத்து ஒலிபெருக்கியில்தான் முதல்முறை போட்டோம். சிலாமேரும் கேட்டுவிட்டான். ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"இதை இப்பவே எல்லாருக்கும் அனுப்புடா! பேப்பர்காரனுக்கு, திரகோமிருக்கு, அந்த நகரமன்றத் திருடனுக்கு!"

"அனுப்பினா?"

"உன் மேல தப்பில்லைன்னு தெரியும்ல!"

"அவன் மேல தப்புன்னு தெரியும். நான் விட்டது விட்டதுதானே."

"சரியான லூசுடா நீ."

கடைசி நான்கு வினாடியை வெட்டிவிட்டேன். வெட்டியதை எறியவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

இன்று நாற்பதில் முப்பத்தொரு முறை கை நின்றது.

ஜனவரி 8

இருபத்திரண்டு.

ஜனவரி 27

பத்தொன்பது. வெளியே மைனஸ் இருபத்தாறு. ஒலிபெருக்கி உறைந்து அண்ணன் குரல் கிழவன் குரலாக வந்தது. அதற்கும் நின்றேன்.

பிப்ரவரி 19

ஏழு.

மார்ச் 30

பட்டியல் வந்தது. கீழ்ப் பிரிவு, வேறு நாடுகள். ஹங்கேரி அதில் இல்லை. இருந்தும் என் பெயர் இல்லை. சிலாமேர் பெயர் இருக்கிறது, பதினெட்டாவதாக.

"உன் இடம்டா அது," என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். போய் நன்றாக ஆடு என்றேன். அவன் திரும்பும் வரை ஒலிபெருக்கியைப் போட வேறு ஆள் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நானே போட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்.

இன்று நாற்பதில் ஒன்று.