பாறையில் பறித்த ஆவாரம்பூ

அக்டோபர் 12, ஞாயிறு

பக்கத்து அறையில் இவர் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

சர்க்கரை ஏறிக் கால் விரலில் புண் வந்ததிலிருந்து, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மன்றாடுகிறேன். ஆவாரம்பூக் கஷாயம் போதும் என்கிறார். ஊரிலிருந்து வந்த காய்ந்த பூவைப் போன வாரம் குப்பையில் கொட்டிவிட்டேன். பூ இல்லையென்றால் ஊசிக்கு இறங்கி வருவார் என்று நினைத்தேன்.

இன்று காலை வாக்கிங் போனவர் மத்தியானம்தான் ஆட்டோவில் வந்து இறங்கினார். பை நிறைய மஞ்சள் பூ. இந்த டில்லியில், சாணக்யபுரிக்குப் பின்னால் காட்டுப் பாறைமேல் ஏறிப் பறித்தாராம். சொட்டுத் தண்ணீர் இல்லாத கல்லிடுக்கில் எப்படித்தான் பூக்கிறதோ, பாழாய்ப்போன பூ.

"கூன், ஆன்ட்டி, கூன்!" என்று ஆட்டோக்காரன் இந்தியில் கத்தினான். ரத்தமாம். குனிந்து பார்த்தேன். இவர் செருப்பெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் நீளமாக ஒரு முள் ஏறி ஒடிந்திருந்தது.

"என்னங்க, இதுகூடவா தெரியல?"

"வலிக்கவே இல்லையே கமலா! பாத்தியா, கஷாயம் எப்படி வேலை செய்யுதுன்னு!"

காலில் உணர்ச்சி போய்விட்டது, விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் இவர் காதில் ஏறவே இல்லை. முள்ளைப் பிடுங்கினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார்.

கல்யாணமான நாளாய், இவருக்கு ஒரு தலைவலிகூட வரக்கூடாது என்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டவள் நான். இன்று வேண்டியது வேறு.

முருகா, இவருக்கு வலிக்கட்டும்.