தாய்மாமன் பெயருக்கு விட்ட இடம்

பாலக்கோடு,
ஆவணி 14.

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, போன மாதம் ஈன்ற செவலைப் பசு, அதன் கன்று ஆகிய நாலு பேரும் நன்றாக இருக்கிறோம், அங்கே டப்ளினில் நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, சளி மட்டும் உன்னை விட்டுப் போயிருந்தால் சந்தோஷம். மாப்பிள்ளை பிரபாகரையும் கேட்டதாகச் சொல். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், இந்தக் கடிதத்தின் கடைசியில் வரும் சங்கதி அவள் காதில் விழக்கூடாது. ஒன்பதாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன் நான், ஒன்பதாம் வகுப்பை என்னைவிட நன்றாக அறிந்தவர் நம் சொந்தத்தில் கிடையாது, ஆகவே எழுத்து எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள். இத்துடன் கார்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்த பிறகு அதைப் பார்.

ஆடி மாதம் நீ சொன்னாய், இங்கெல்லாம் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே சேவ் த டேட் என்று ஒரு கார்டு அனுப்புவார்கள் அப்பா, லீவு போட டிக்கெட் எடுக்க வசதியாக இருக்கும், இரண்டு பேர் பெயரும் தேதியும் போட்டால் போதும் என்று. நம் பக்கம் யார் லீவு போடப்போகிறார்கள், தக்காளிச் செடியிடமா லீவு கேட்பார்கள் என்று சிரித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் மோட்டார் போடப் போனவன் வாய்க்கால் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். பத்திரிகைக்கு முன்னால் ஒரு கார்டு. அதில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று நம் ஊரில் இன்னும் எவனும் சட்டம் போடவில்லை. நாலு வருடமாகக் கையில் கல் இல்லாமல் நின்றவனுக்கு நீ டப்ளினிலிருந்து ஒரு கல் எடுத்துக் கொடுத்தாய் கண்ணு.

உன் மாமா மாதவராஜ் எனக்குச் செய்தது உனக்கு முழுதாகத் தெரியாது. ஐஸ்வர்யா கல்யாணத்தின்போது நீ அங்கே போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உன் அம்மாவின் ஒரே அண்ணன், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் பெண் கல்யாணத்துக்குக் கதவு அகலத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தார். அவர் பக்கத்துச் சொந்தம் அத்தனை பேர் பெயரும் இருந்தது, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ரயில் பெட்டி மாதிரி படிப்பு. உன் அம்மா பெயரும் இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய என் பெயர் இல்லை, படித்தால் அவள் யாருக்கும் வாழ்க்கைப்படாதவள் போல இருந்தது. அச்சாபீஸ் பெயர் முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை. மண்டபத்தில் நுழைந்ததிலிருந்து பார்க்கிறவனெல்லாம் என்ன மாது, உம்பேரக் காணோமே என்றான். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே நீங்க பொண்ணு வூட்டுக்கு என்னா வேணுங்க என்று கேட்டார். உன் மாமாவிடமே போய்க் கேட்டேன். தோளில் தட்டி, இடம் பத்தலைங்க மாப்ள, அச்சாபீஸ்காரன் விட்டுட்டான் என்றார். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். அன்று தின்ற சோறு செரித்துவிட்டது, சிரித்த சிரிப்பு இன்னும் செரிக்கவில்லை.

ஆகவே கார்டு வேலையில் இறங்கினேன். வாசகத்துக்கே பத்து நாள் ஆனது. தை 22 அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் எழுதினேன், தாசில்தார் நோட்டீஸ் மாதிரி இருக்குது என்றாள் உன் அம்மா. தேதிய மனசுல வெச்சுக்குங்க என்று அவள் சொன்னது நன்றாக இருந்தது, அவள் சொன்னதாயிற்றே என்று கொஞ்சம் மாற்றி, மனதில் குறித்து வையுங்கள் என்று வைத்துக்கொண்டேன். நீ கேட்டபடி உங்கள் இருவர் பெயரும் நடுவில் இருக்கிறது, பயப்படாதே. சுற்றிலும் நாற்பத்து மூன்று பெயர். என் சித்தப்பா மக்கள், அரூர் சம்பந்தி வீட்டார், பத்தாவது வரியில் நண்பர் என்று போட்டு மாரியப்பன். எவன் பெயருக்குப் பின்னாலும் படிப்பு கிடையாது. இத்தனைக்கும் கீழே தாய்மாமன் என்று தடித்த எழுத்தில் தலைப்பு, அதற்கடியில் ஒன்றுமில்லை, நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. அச்சாபீஸ்காரர் புரூப்பை நீட்டி, ஏனுங்க, பேரு வுட்டுப்போச்சுங்களே என்றார். வுட்டுப்போகலைங்க, நாந்தான் வுட்டிருக்கறேன், முந்நூறு அடிங்க என்றேன். அவர் எனக்கு ஒரு டீ சொன்னார்.

உன் அம்மா கார்டுக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். எங்கண்ணன் பேரு எங்க என்றாள். இடம் இருக்குதே, பேருதான் இல்ல என்றேன். அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், அழவில்லை. எம்புள்ள நெத்தியில தாய்மாமன் கட்டற பட்டத்த யாரு கட்டுவாங்க, பட்டத்தையும் நீங்களே கட்டி ரெண்டு வேசமும் போட்டுக்குங்க, எங்கண்ணன் வராத மணவறையில நான் உக்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். மூன்று நாள் எனக்கு ரசம் மட்டும்தான், அதிலும் பருப்பு கிடையாது. நீயும் போனில் மாமா பேரு போட்டாச்சாப்பா என்று கேட்டபோது அச்சில் இருக்குது என்று சொல்லித் தப்பித்தேன். பெண் கல்யாணத்தில் பெண்டாட்டி இல்லாமல் நான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பந்தி ஞாபகம் வந்ததும் இந்த நினைப்பு ஓடிவிடும். இருபது கார்டு கொடுத்து முடித்தேன். நம் வழக்கப்படி குலதெய்வத்துக்கு வைத்த பிறகு தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும், நான் வேண்டுமென்றே இருபது பேருக்குப் பிறகு, சாட்சிக்கு மாரியப்பனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போனேன்.

வாங்க மாப்ள என்று சேர் போட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு பழம், மேலே கார்டு. முறையில் ஒரு குறை கிடையாது, குத்துவதாக இருந்தாலும் ஒழுங்காகக் குத்த வேண்டும். அவர் கண்ணாடியை மாட்டி மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார், உன் நிர்மலா அத்தை தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அத்தை முகம் சுண்டிப்போனது. அவர் முகமும் ஒரு நிமிடம் போனது, நான் பார்த்தேன், அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நாலு வருடம் காத்திருந்தேன். மாரியப்பன் என் தொடையில் கிள்ளினான். பிறகு உன் மாமா சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, கார்டை மடியில் வைத்து, அந்த வெள்ளை இடத்தில் ப. மாதவராஜ், எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியர் (ஓய்வு) என்று கோவில் கல்வெட்டு மாதிரி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். தாய்மாமன் கைப்பட எழுதட்டும்னு இடம் வுட்டிருக்கீங்க, உங்க மனசு யாருக்குங்க வரும் என்றார். முப்பத்து நாலு வருடம் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்ன மனிதரிடம் போய்க் காலி இடத்தை நீட்டிய முட்டாள் உன் அப்பன்தான். திரும்பும்போது மாரியப்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே வந்தான், ரோடு நல்ல ரோடு.

அதோடு விட்டாரா. கார்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் மாது புது மாதிரி கார்டு அடிச்சிருக்கான், தாய்மாமன் கையால எழுதறாராம் என்று பேச்சு. உன் அம்மா அன்று எனக்கு முட்டைக் குழம்பு வைத்தாள், என்னைக் கல்யாணம் செய்தது வீண் போகவில்லை என்ற பார்வை வேறு. மறுநாள் காலை முதலில் கார்டு வாங்கிய இருபது பேரும் சண்டைக்கு வந்தார்கள். நர்ஸ் சகாயமேரி வாசலிலேயே நின்று, ஏனுங்கண்ணா, எங்க கார்டுல மட்டும் மாமா எழுதலையே, நாங்க என்ன எளப்பமா என்று கேட்டாள். எனக்குத் தலையில் கை வைக்கத் தோன்றியது. வைக்கப் போன கை பாதியில் நின்றது. மீதிக் கார்டையும், திருப்பி வாங்கிய இருபதையும் தக்காளிப் பெட்டியில் அடுக்கினேன். மச்சானுக்குப் போன் போட்டு, ஊரே உங்க கையெழுத்துதான் வேணுங்குது, ஞாயித்துக்கிழமை வாங்க, மொத்தம் முந்நூறு என்றேன்.

காலை ஒன்பது மணிக்கு வந்தார். மேசை போட்டு ஃபேன் போட்டு எதிரில் நான் உட்கார்ந்துகொண்டேன். பத்துக் கார்டு ஆனதும் பெயரை மட்டும் எழுதினார். மச்சான், ஸ்டேட்டஸ்ல இருக்கற மாதிரியே வேணுமாம், எம்.ஏ., பி.எட்., ஓய்வு எல்லாம் எழுதுங்க என்றேன். எழுதினார். ஐம்பதில் விரலைச் சொடுக்கினார். நூறில் பேனாவை மாற்றினார். அவருக்குச் சர்க்கரை என்பதால் காப்பியில் சர்க்கரை போடாமல் நானே கொண்டுவந்து கொடுத்தேன், கசப்பாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. நூற்று எழுபதில் எழுத்து சாயத் தொடங்கியது. தலைமையாசிரியர்ங்கறதுல துணைக்கால் வுட்டுட்டீங்க மச்சான் என்று ஒன்பதாம் வகுப்புக்காரன் எடுத்துச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இனி வருவதைத்தான் அம்மாவிடம் சொல்லாதே. மத்தியானம் அவள் அடுப்படியில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். உன் மாமா பேனாவை மூடி வைத்தார். என்னைப் பார்க்காமல், மாப்ள, அன்னைக்கி உங்க பேர அச்சாபீஸ்காரன் விடலைங்க, புரூப்புல நாந்தான் அடிச்சேன், சம்பந்தி வூட்ல அத்தனையும் டாக்டருங்க, உங்க பேருக்குப் பின்னால போட ஒண்ணுமில்லையேன்னு புத்தி அப்பிடிப் போச்சு என்றார். கண்ணு, இது எனக்கு அப்போதே தெரியும். கல்யாணம் முடிந்த வாரமே அந்த அச்சாபீஸ்காரரிடம் சண்டை போடப் போனேன், அவர் புரூப்பை எடுத்துக் காட்டினார், உன் அம்மா பெயருக்குப் பக்கத்தில் மாது என்ற இரண்டே எழுத்து, அதன் மேல் பச்சை மையில் ஒரு கோடு. இரண்டு எழுத்துக்கு அவ்வளவு நீளக் கோடு. அண்ணன் செய்தான் என்று தெரிந்தால் உன் அம்மா தாங்கமாட்டாள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, அவளுக்கு இன்றைக்கும் அச்சாபீஸ்காரன்தான் குற்றவாளி. உன் மாமா சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தார், கண் கலங்கியிருந்தது. பரவாயில்லைங்க மச்சான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வரட்டும் என்று விட்டுப் பார்த்தேன், வரவில்லை. தெரியுங்க மச்சான், இன்னும் நூத்தி இருபத்தஞ்சு இருக்குது, எழுதுங்க என்றேன். எழுதினார்.

நீ தை மாதம் வரும்போது மாமா பட்டம் கட்டுவார், அம்மா மணவறையில் உட்காருவாள், நீ கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குத் தலையில் துணி கட்டு, பிரபாகருக்கு ராகிக் களி பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதே, கல்யாணத்துக்குப் பிறகு கட்டாயப்படுத்திக்கொள்ளலாம். இருவரும் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மாமாவுக்குப் போன் செய்து, உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்குது மாமா, கல்யாணப் பத்திரிகையிலும் உங்க கையாலதான் வேணும் என்று சொல், வேறு எதுவும் பேசாதே. இடம் விட்டு அடிக்கச் சொல்லியாயிற்று. இந்த முறை ஆயிரம்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
மாது
(பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை)