பதினோராவது தடவை

அன்பு மகளே,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள். "சாமி கும்பிடுறியாம்மா?" என்று போனில் கேட்டாய். வாதம் வந்து வலது கை விழுந்த நாளிலிருந்து சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஆனால் இங்கே பயிற்சி கொடுக்கும் பெண், விழுந்த கையை நல்ல கையோடு சேர்த்துக் கூப்பி, தினமும் பத்து தடவை தலைக்கு மேல் தூக்கச் சொல்கிறாள். "இது எக்சர்சைஸ், நீ வேற மாதிரி நெனச்சுக்காதே" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் தூக்குவேன்.

வெள்ளிக்கிழமை உனக்கு ஆபரேஷனாமே. மாப்பிள்ளை உளறிவிட்டார்.

இன்று பத்து முடிந்ததும் இன்னொரு தடவை தூக்கினேன். "பதினொண்ணு ஆச்சேம்மா?" என்றாள் அந்தப் பெண். "எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்றேன்.

எண்ணிக்கை ஒருநாளும் தப்பாத,
உன் அம்மா