சீர்த்தட்டில் மாத்திரை

அன்புத் தங்கைக்கு,

மகள் கல்யாணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிட்டாயாம். உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். "சம்பந்தி வீட்டுல பார்த்தா என்ன நெனப்பாங்க மச்சான்?" என்கிறார். மனச்சிதைவு நோய்க்கு முகூர்த்தம் தெரியுமா? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், "ஸ்டாக் இல்ல, அடுத்த மாசம் வாங்க" என்றே சொல்கிறார்கள். அதனால்தான் மாதாமாதம் நான் இங்கே பெங்களூர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கி, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அதை நீ அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறாய்.

போன தடவை நிறுத்தியபோது, காதில் கேட்ட குரல்கள் உன்னைக் கிணற்றடிவரை கூட்டிப்போயின. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இன்றைக்கே மறுபடி போட ஆரம்பி. கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வருகிறேன். தட்டில் தேங்காய், பழம், உனக்கொரு புடவை, அதோடு அடுத்த மாத மாத்திரையும் இருக்கும். மங்கலத் தட்டில் மருந்தா என்று கேட்பவர்கள் என்னிடம் கேட்கட்டும். அண்ணன் கொண்டுவந்த சீரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை.

புடவைக்கு மேலே வைப்பதா, மடிப்புக்குள் வைப்பதா என்பதை மட்டும் நீ சொல். அதன்படி செய்கிறேன்.

உன்னை விடாத,
அண்ணன்