சூரியனில் கறுப்புப் பொட்டு

13.11.1986, வியாழன்

காலையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் ஒரு குழாயை வைத்துச் சூரியனை வெள்ளைத் தாளில் விழ வைத்தார். அதில் மிளகு போல ஒரு கறுப்புப் பொட்டு நகர்ந்தது.

"புதன் கிரகம் சூரியனுக்கு முன்னால போகுது. மத்தியானத்தோட விலகிரும்."

"அப்ப இது கிரகணந்தானுங்களே வாத்தியாரய்யா?" என்றேன்.

"ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. பயப்படாதீங்கம்மா" என்று சிரித்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூத்தவளைப் பிரசவத்தில் பறிகொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. லயத்து வீட்டுக்கு ஓடிவந்து, நிறைமாதமாக இருக்கும் சின்னவள் செல்வியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். எட்டு மணிக்கே அவளுக்கு வலி கண்டது.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போக லொறிக்குச் சொல்லும்மா."

"அந்தப் பொட்டு விலகட்டும்டி. கொஞ்சம் பொறு."

பன்னிரண்டுக்குத்தான் கதவைத் திறந்தேன். அவள் உதடு வெளுத்திருந்தது. மலையில் வேலையை விட்டு ஓடிவந்த மருமகன், "எப்ப அத்தை வலி வந்துச்சு?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க மாப்பிள்ளை" என்றேன்.

செல்வி என்னையே பார்த்தாள். அவளை ஏற்றிக்கொண்டு லொறி போய்விட்டது.

இரவாகியும் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து சேதி இல்லை. டாக்டர் கேட்டிருந்தால், மருமகனும் இப்போதுதான் வலி வந்தது என்றுதானே சொல்லியிருப்பார்.